இரண்டு பக்கமும் ஒரே கண்

அக்கா மகளுக்குக் காது குத்தியது 2007இல், திருப்பாதிரிப்புலியூரில். தாய்மாமன் நான், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்ட சத்தத்தில் மாமா மண்டபத்தை விட்டே ஓடிவிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். பண்ருட்டி லாரி ஆபீசில் டிரைவர்களை எல்லாம் அதட்டி வேலை வாங்குகிற ஆள். மகள் விஷயத்தில் அவ்வளவுதான் அவருடைய வீரம்.

மத்தியானம் செம்மண்டலத்தில் அவர்கள் வீட்டில், புதிதாக வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவில் குழந்தையை ஏழெட்டுப் படம் எடுத்தேன். சிதம்பரத்தில் என் அறைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கியபோது கை அப்படியே நின்றுவிட்டது. ஃப்ளாஷ் பட்டு வலது கண்மணி சிவந்திருந்தது. அது எல்லோருக்கும் விழுவதுதான். இடது கண்மணி வெள்ளை. இருட்டில் பூனை திரும்பிப் பார்த்தால் மின்னுமே, அந்த வெளிச்சம். சிரிப்பு எங்கள் குழந்தையுடையது. அந்தக் கண் மட்டும் அவளுடையதாகத் தெரியவில்லை. 

கேமராவில்தான் கோளாறு என்று என்னை நானே எடுத்துப் பார்த்தேன். இரண்டும் சிவப்பு. எதிர்வீட்டுப் பிள்ளையை எடுத்தேன். அதற்கும் இரண்டும் சிவப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்மண்டலம் போய் அக்கா மகளைத் திரும்ப எடுத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

அக்காவிடம் காட்டினேன். அவள் அடுப்படிக்குள் என்னை இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"சாயங்காலம் லைட்டு போடுறதுக்கு முன்னாடி இவள தூக்கிகிட்டு நடந்தா, சில நேரம் அந்தக் கண்ணு மட்டும் மினுங்குதுடா. உள்ள வேற யாரோ ஒக்காந்துகிட்டு என்னப் பாக்குற மாதிரி இருக்குது. பெத்த புள்ளயப் பாத்து பயப்படுறேன்னு வெளிய சொல்ல முடியுமா?"

மாமாவின் காதில் விழுந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒனக்கு போட்டோ எடுக்கத் தெரியல, எம்புள்ள கண்ணக் கொற சொல்றியா மச்சான்?" என்று ஸ்டூடியோக்காரர் கொடுத்த ஆல்பத்தை என் முன்னால் விரித்துப் போட்டார். ஒரு படம் பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் இரண்டு கண்ணும் கறுகறுவென்று இருந்தன. டிவிக்கு மேலே ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்ததிலும் அப்படியே.  ஆனால் அந்தப் பெரிய படத்துக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது. எங்கேயோ என்னவோ சரியில்லை, எதுவென்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பிரதி வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஸ்டூடியோவுக்குப் போனேன். கண்ணெல்லாம் நன்றாக வந்திருக்கிறதே என்று பேச்சுக் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அது நம்ம வேலைண்ணே. பாப்பாவுக்கு அந்தப் பக்கம் கண்ணு வெள்ளையாவே அடிச்சிகிட்டு இருந்துச்சி. நல்லா இருந்த கண்ண காப்பி பண்ணி, திருப்பி, அங்க ஒட்டிட்டேன். எல்லாப் படத்துலயும் அதான். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

திருத்தாத படங்களைக் காட்டச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். அக்காவின் இடுப்பில், என் மடியில், தொட்டிலில். கேமரா பக்கம் அவள் திரும்பியபோதெல்லாம் அந்த வெள்ளை. டிவிக்கு மேலே மாட்டி அக்கா தினமும் தொட்டு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த படத்தில் மகளின் இடது கண் இல்லவே இல்லை. வலது கண்தான் இரண்டு பக்கமும் இருந்தது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தை தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். அவள் பாட்டுக்குத் தின்றாள். வலது கண்ணை மூடினேன். பிஸ்கட் பிடித்த கை பாதியில் நின்றது. எதிரில்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கூப்பிட்டதும் குழந்தை குரல் வந்த பக்கம் காதைச் சாய்த்து, இன்னொரு கையால் காற்றைத் துழாவினாள். அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாளே மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"போட்டோல செவப்பாத் தெரியிறது விழித்திரைல ஓடுற ரத்தம். அது நல்லதுதான். வெள்ளையாத் தெரிஞ்சா நடுவுல ஏதோ மறைக்குது. அதுக்குப் பல காரணம் இருக்கலாம். இவளுக்கு கேன்சர் கட்டி. இன்னும் கண்ணத் தாண்டிப் போகல. கண்ணோட எடுத்துட்டா புள்ள பொழச்சிக்குவா. விட்டா மூளைக்குப் போயிடும். இன்னொரு கண்ணுலயும் வரலாம், அதையும் விடாம பாத்துகிட்டே இருக்கணும்."

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ள. ஒத்தக் கண்ணோட வளந்தா நாளைக்கி எவன் கட்டிப்பான்?" என்று வராந்தாவில் கத்தினார்.

"உசுரு இருந்தாத்தான கட்டிக்குடுக்குறதுக்கு?" என்றாள் அக்கா. அவள் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கையெழுத்தையும் அவளே போட்டாள்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாமா வார்டுக்குள் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில்தான் உள்ளே வந்து கட்டில் ஓரமாக நின்றார். குழந்தையின் முகத்தில் பாதியைக் கட்டு மறைத்திருந்தது. மிச்சமிருந்த கண்ணால் அப்பாவைப் பார்த்துவிட்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். அவர் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். 

"மச்சான், அந்தக் கேமரா வச்சிருக்கியா?"

பையில் இருந்தது.

"ஃப்ளாஷ் போட்டு எடு."

எடுத்தேன். படத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர்தான் அவசரப்படுத்தினார்.

"என்னடா, செவப்பா இருக்கா?"

"செவப்பாத்தான் இருக்கு மாமா."

கேமராவைப் பிடுங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே அதை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"இன்னொரு தடவ எடு."