ஐயர் வரும் வரை

உடன்குடிக்குத் தெற்கே ஒரு செம்மண் ஊரில் ஞானையா முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தார். உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம், செத்தவர்களை அடக்கம் பண்ணலாம். திருவிருந்து அப்பத்தை ஆசீர்வதித்துக் கொடுக்க மட்டும் கூடாது. அதற்குக் குருப்பட்டம் பெற்ற பாதிரியார், ஊர்ப் பேச்சில் ஐயர், சாத்தான்குளத்திலிருந்து மாதம் ஒருமுறை பஸ்ஸில் வரவேண்டும். உலர்ந்த திராட்சையை வேகவைத்துச் சாறு பிழிவது, கிண்ணத்தைத் துலக்குவது, மேஜைக்கு வெள்ளைத் துணி விரிப்பது எல்லாம் ஞானையாவின் பாடு. "இலை போடுதது நான், பரிமாறுதது ஐயரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கொஞ்சம் வருத்தமும் அதில் உண்டு.

ஒரே மகள் தேவகனி. எழுபத்தொன்றில் வெளியூர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே நாற்பது ஆண்பிள்ளைகள், இரண்டே பெண்கள். பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்பதால் கூடப் படித்தவர்களுக்கு ஒரே கேலி: படித்து முடித்து என்ன செய்யப்போகிறாய், ஒரு ஐயரைக் கட்டிக்கொண்டு ஐயரம்மா ஆகவா? தேவகனிக்கு மூக்கு நுனியில் கோபம். மூன்றாம் வருஷப் பட்டிமன்றத்தில் ஏறி, சமைக்கிற கைக்குப் பரிமாறத் தெரியாதா, பெண்ணின் கை அப்பம் பிட்டால் ஆண்டவர் முகம் சுளிப்பாரா என்று வெளுத்து வாங்கினாள். முதல் பரிசு அவளுக்கு. அந்தப் பெருமையை நாலு பக்கம் கடிதமாக எழுதினாள். ஞானையா அதை ஊர் முழுக்கப் படித்துக்காட்டிவிட்டுத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அவர் படுத்துவிட்டார். நெஞ்சுச் சளி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். தேவகனி லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடி வந்தாள்.

வந்த நாலாம் நாள் காலையில் அப்பாவின் மூச்சு மாறியது. திருவிருந்து வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சாத்தான்குளத்துக்குச் சைக்கிளை மிதித்தார். எஸ்றா ஐயர் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், அங்கேயும் ஆள் போயிருக்கிறது என்ற தகவலோடு பதினோரு மணிக்குத் திரும்பினார். அம்மா ஜீவமணி கட்டிலருகே ஒரு ஸ்டூலைப் போட்டு, துணி விரித்து, தட்டில் ரொட்டியும் தம்ளரில் திராட்சைச் சாறும் கொண்டுவந்து வைத்தாள்.

ஞானையா மகளைப் பார்த்தார்.

"ஏளா, அங்கன பேசி ஜெயிச்சியே. இங்கன குடு."

தேவகனி சபைச் சட்டத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள். பட்டம் பெறாத கை கொடுத்தால் அது திருவிருந்தே அல்ல என்று படித்திருந்தாள். சாகப்போகிற அப்பாவுக்குப் பொய்யான ஒன்றைக் கொடுப்பதா என்று நினைத்தாள். கல்லூரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். எதற்குச் சுற்றி வளைக்க, பயந்துவிட்டாள்.

"ஐயர் வந்துருவாங்கப்பா. பஸ் வார நேரந்தான்."

"சரிம்மா" என்றார் அவர். இரண்டாம் முறை கேட்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். ஒரு மணி வாக்கில் மூச்சு நின்றது.

எஸ்றா ஐயர் வந்தபோது மணி நாலு. வெள்ளை அங்கியெல்லாம் செம்மண் புழுதி. கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டூலில் ரொட்டி காய்ந்து கிடந்தது. நடந்ததைத் தேவகனியே சொன்னாள். சட்டப்படி நடந்ததற்கு ஒரு ஆறுதல் வார்த்தையாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"நீயே குடுத்திருக்கலாமேம்மா" என்றார் ஐயர். "ஆண்டவர் கோவிச்சிருக்கவா போறாரு?"

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு லேசாக இருந்தது! அந்த ஒரு வாக்கியம் காலையில் கிடைத்திருந்தால் போதுமே. ஆனால் அது அவளுக்குத் தெரியாத வாக்கியமா? மேடையில் நின்று அவளே சொன்னதுதான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் வீட்டில் இருந்தாள். படித்த ஜெபங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. முழங்காலில் நின்று "அப்பா" என்று மட்டும் சொல்லுவாள். ஆண்டவரைக் கூப்பிட்டாளா, பெற்றவரைக் கூப்பிட்டாளா என்று அவளுக்கே தெரியாது. அதற்கு முன் அவள் அவ்வளவு உண்மையாக ஜெபித்ததில்லை. அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கல்லூரிக்குக் கிளம்பிய அன்று ஜீவமணி பஸ் ஏற்றிவிட வந்தாள். தூரத்தில் பஸ் தெரிந்ததும் மகளின் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அப்படி ஒரு நேரம் வந்தா, ஐயருக்கு ஆள் அனுப்பாத, ஏளா."

தேவகனி பஸ் படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.