ஏழு எரியாத மீட்டர்

பழைய மீட்டருக்கு உயிர் கொடுக்கிறவன் பிழைப்பு இருக்கிறதே, ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்து நம்மைக் கோபப்படுத்திவிட்டுப் போவதற்கென்றே ஏற்பட்டது. சால்டரிங் அயர்னில் விரல் சுட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எழுபதுகளின் கடைசி. திருத்தணி ஸ்டேஷன் பக்கம் என் கடை. மெட்ராஸில் ஏதோ ஒரு பாக்டரி தூக்கிப்போட்ட வோல்ட் மீட்டரைக் காயலான் கடையில் பிடித்து, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதற்கு முள் கிடையாது. மூன்று கண்ணாடிக் குமிழ். ஒவ்வொன்றுக்குள்ளும் சைபரிலிருந்து ஒன்பது வரை கம்பியில் வளைத்த எண்கள். எந்த எண்ணுக்குக் கரெண்டு போகிறதோ அது ஆரஞ்சாக எரியும். அடடா, அந்த வெளிச்சம்! கண்டன்சர் மாற்றி, ஒயர் மாற்றி, முதல்முதல் அது எரிந்தபோது கடையில் தனியாக நின்று கை தட்டினேன்.

பின்னால் போகும் கடியாரம்

பிளக்கில் மாட்டி ஷோகேஸில் வைத்திருந்தேன். மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், சந்தனம் காயாத தலையோடு எட்டிப் பார்த்தார். 211 என்று எரிந்தது. "ரெண்டு பதினொண்ணுதானா? ரயிலுக்கு நேரம் கீது" என்று எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தார். அதற்குள் வோல்டேஜ் இறங்கி 208. இன்னும் நேரமிருக்கிறதாம், இன்னொரு டீ! ரயில் போய்விட்டது. மனுஷர் என் வாசலில் நின்று கத்துகிறார். இது கடியாரம் இல்லை ஐயா, கரெண்டை அளக்கிற மெஷின் என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்டால்தானே?

"முருகரு மலை மேல இருந்து இன்னா பிரயோஜனம், கீழ மணி சரியா சொல்ல ஒரு ஆளு இல்ல!"

மீதி ஒன்பது

நடுக் குமிழில் ஏழு மட்டும் எரியாது. ரொம்ப நாள் எரியாமல் கிடக்கும் எண்ணில் கறை பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாகக் கரெண்டு விட்டால் சில சமயம் தெளியும். விட்டுப் பார்த்தேன், ம்ஹூம். வேறு குமிழுக்காக மெட்ராஸில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. பக்கத்து ரேடியோ கடை தாமோதரனுக்கு இது வேடிக்கை. அவர் சரிபண்ணிய ரேடியோவில் ஒரு ஸ்டேஷன் எடுத்தால் இன்னொன்று எடுக்காது. அவர் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்டி அலையற? ஏழு போனா போவுது, மீதி ஒம்போது எரிஞ்சிகினுதானே இருக்குது?"

பதினாலு வோல்ட்

அம்மையார்குப்பம் தாண்டி ஒரு சின்ன ஊரில் என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு பவர்லூம். பாவா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலமானால் அங்கே வோல்டேஜ் படுத்துவிடும்; மோட்டார் முனகும், சூடேறும், எரியும். இரண்டு தடவை எரிந்து, உள்ளே புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியாகிவிட்டது. "இன்னொரு வாட்டி எரிஞ்சா தறிய வித்துட்டு அடுத்தவன் ஷெட்டுல கூலிக்குத்தான் போவணும் மச்சான்" என்றார். டிரான்ஸ்பார்மரை மாற்ற வேண்டும். அதற்கு, வோல்டேஜ் கம்மி என்று கரெண்டு ஆபீஸர் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் வருகிற அன்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாட்டினேன். வர வேண்டியது 230, வந்தது 174. ஏழுதான் எரியாதே! ஒன்று, காலி, நாலு. "பதினாலு வோல்ட்டுலயா தறி ஓடுது?" என்று ஆபீஸர் சிரிக்கிறார். சுவிட்சை அணைத்து, ஏழு எரிகிற கடைசிக் குமிழைப் பிடுங்கி நடுவிலும், நடுக் குமிழைக் கடைசியிலும் செருகினேன். 174, பளிச்சென்று! அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்பர நீயே கழட்டி நீயே மாட்டற. அப்புறம் எத்தினி வேணாலும் காட்டும். அத்தப் போயி நான் நம்பணுமா?"

ஆபீஸர் முள்

பையிலிருந்து அவர் தன் முள் மீட்டரை எடுத்து மாட்டினார். முள் 220-ல் நின்றது. மாட்டுவதற்கு முன்பும் அங்கேதான் நின்றது, நான் என் கண்ணால் பார்த்தேன். "முள்ளு சிக்கிகினு இருக்குது சார்" என்று ஒயர் இரண்டையும் பிடுங்கிக் காட்டினேன். அப்போதும் 220. பாவா கும்பிட்ட கையோடு நிற்கிறார். ஆபீஸர் சாவகாசமாக மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"பாத்துக்கினியா? கரெண்டே இல்லாதப்பகூட கரெக்டா காட்டுது. இதான்யா மீட்டரு!"

ஜம்மென்று வந்த கரெண்டு

அந்த மாசமே ஒரு மோட்டார் எரிந்தது. பின்னாலேயே அடுத்தது. பாவா தறி இரண்டையும் விற்றுவிட்டு, அம்மையார்குப்பத்தில் ஒருவர் ஷெட்டில் கூலிக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் பாவா வீட்டுத் தெருக்கோடியில் ஒரு பெரிய மனுஷர் ரைஸ் மில் ஆரம்பித்தார். யாரும் எதையும் அளக்கவில்லை, எந்த முள்ளையும் பார்க்கவில்லை. புது டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கிவிட்டது! கேள்விப்பட்டதும் பொறுக்காமல் மீட்டரோடு போய் பாவா வீட்டுப் பிளக்கில் மாட்டினேன். 231. தறி இருந்த இடத்தில் அக்கா விறகு அடுக்கியிருந்தாள். பாவா அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங், ஜம்முனு வருது மச்சான். ஓட்டறதுக்குத் தறிதான் இல்ல."

கெட்டுப்போன மீட்டரை எப்படியாவது சரிபண்ணிவிடலாம், அதைப் பார்க்க வேண்டியவர் கண்ணுக்குத்தான் இன்னும் எந்தக் கடையிலும் ஸ்பேர் பார்ட் வரவில்லை.