அத்திம்பேரின் பச்சைச் சட்டைகள்

அக்காவின் புருஷன், என் அத்திம்பேர், இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போனவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்துவிட்டுப் பாலக்காட்டிலிருந்து பம்பாய் வந்தேன். ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் வேலை. அக்காவுடன் செம்பூரில் வாசம். ஒரு ரூம், ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அந்தப் பால்கனிதான் எனக்குப் படுக்கை. என் துணிமணிகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. வீட்டிலிருந்த ஒரே பீரோவின் நடுத்தட்டு முழுவதும் அத்திம்பேரின் சட்டைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் ஆபீசுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டைகள் அல்ல. அர்ஜென்டினாவில் ஏதோ ஒரு பழம்பெரும் கால்பந்து கிளப்பின் சட்டைகள்.

அவருக்கு பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறிக் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பியூனஸ் அயர்ஸிலிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு கப்பல்கள் வரும். தாராவித் தோல் மண்டிகளுக்குப் பதனிடும் சரக்கு அதில் வந்தது. அப்படி வந்த ஒரு கப்பலில் ஒரு மாலுமி தன் பழைய ஆட்டச் சட்டையை அவர் தலையில் கட்டிவிட்டான். கனத்த பருத்தி, கரும்பச்சை நிறம், மார்பின் குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையில் மையால் ஒரு கிறுக்கல். கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு போட்ட கையெழுத்து என்று சொல்லியிருக்கிறான். இவர் நம்பிவிட்டார். அதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நான் போனபோது ஏழு சேர்ந்திருந்தன, அடுத்த வருஷத்துக்குள் ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமை யாராவது காப்பி குடிக்க வந்தால் தொலைந்தார்கள். சலவை செய்த போர்வையைக் கட்டிலில் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். "இது கோல்கீப்பரோடது. இது லெஃப்ட் அவுட். நூறு வருஷத்துக் கிளப், தெரியுமோ? சாமானியப்பட்டவா கையில இதெல்லாம் கிடைக்காது." அந்தக் கிளப்பின் பெயரை ஒரு வாரம் சொன்ன மாதிரி மறுவாரம் சொல்லமாட்டார். பந்தை அவர் வாழ்நாளில் உதைத்ததில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுஷர்.

ஒருமுறை வம்புக்கென்றே அவரைத் தாராவி மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போனேன். தோல் மண்டியில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர்களின் அணி. பாதிப்பேர் வெறுங்காலில் ஆடினார்கள், அபாரமாக ஆடினார்கள். அத்திம்பேர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கோட்டோரம் நின்றார். பந்து எடுக்க வந்த ஆட்டக்காரர் ஒருவர் அவரைப் பார்த்து நின்றார்.

"அண்ணாச்சி, எதுக்கு மூக்கப் பொத்துதிய? பந்தும் தோலுதான."

இடைவேளையில் கிளம்பிவிட்டார். ரயிலில், "இதெல்லாம் ஃபுட்பால் இல்லைடா" என்றார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றார். ஆட்டக்காரர் பெயர், ஆடும் இடம், கிடைத்த விதம். ஆபீஸ் முடிந்ததும் என் மெஷினில் ஒன்பது சீட்டுகளையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். மூன்று கையெழுத்துகள் ஒரே கையால் போட்டவை என்று அடிக்கும்போதே தெரிந்தது. ஒரே மாதிரி சுழிப்பு, ஒரே ஊதா மை. வாயைத் திறக்கவில்லை. அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டில் இருக்கிறேன், எதற்கு வம்பு என்று நினைத்தேன். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வது எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்பதாவது சட்டை வந்த மாதம் அக்காவின் கல்யாணப் பட்டுப்புடவையைக் காணோம். அரக்கு நிறத்தில் மாம்பழ நிறக் கரை போட்ட காஞ்சிபுரம், அப்பா எடுத்துக் கொடுத்தது. கேட்டபோது, "மாதுங்காவில பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்" என்றார் அத்திம்பேர். கடைக்காரன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றார். பிறகு மழைக்காலத்தில் பட்டுப்புடவையை வாங்கி வந்தால் பூஞ்சை பிடிக்கும் என்றார். அக்கா கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் பியூனஸ் அயர்ஸ் கப்பல் ஒன்றின் ரேடியோ ஆபீசரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். நன்றாக இங்கிலீஷ் பேசினார். சம்மணம் போடத் தெரியாமல் காலை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு மோர்க்குழம்பை ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவி வந்தவுடன் அத்திம்பேர் போர்வையை விரித்தார். இந்த நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார். அந்த ஊர்க்காரனே வந்து பார்த்துப் பிரமிக்க வேண்டும்.

விருந்தாளி முதல் சட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டாவது. உதட்டோரம் எதையோ அடக்கிக்கொண்டார்.

"இது எங்கள் எஞ்சின் ரூமில் இருக்கும் என் சிநேகிதனின் பெயர்" என்றார்.

"அதே பேர் ப்ளேயருக்கும் இருக்கலாமே" என்றார் அத்திம்பேர்.

"இருக்கலாம்." மூன்றாவதைக் கையில் எடுத்தார். "இது பெயர் இல்லை. 'இந்த மழை எப்போது நிற்கும்' என்று எழுதியிருக்கிறது."

நான் அந்தச் சட்டைக்கு அடித்த சீட்டில் ரைட் ஹாஃப் என்று இருந்தது. சிரிப்பை அடக்க இருமினேன். அத்திம்பேர் அவசரமாக ஒன்பதாவதை எடுத்து நீட்டினார். "கோல்கீப்பர்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்த மனிதர் அதைப் பார்த்தார், அத்திம்பேர் முகத்தைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"இது எங்கள் சமையல்காரர். மிக நல்ல மனிதர்."

விருந்தாளிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் தேடியது முகத்தில் தெரிந்தது. சமையலறை வாசலில் பாயசத்தோடு நின்ற அக்காவைப் பார்த்து மலர்ந்தார். "ஆனால் நீங்கள் கொடுத்த பட்டு அசல். எங்கள் செகண்ட் ஆபீசரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்குக் கர்ட்டனாகப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், எங்கே வாங்கியது என்று. அவர் மனைவி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடா சொல்றார்?"

அத்திம்பேரும் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலை நான் அவர் கண்ணில் அதற்கு முன் கண்டதில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், பாயசம் நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். பட்டு, செகண்ட் ஆபீசர், ஜன்னல், கர்ட்டன், நன்றி, எல்லாவற்றையும் நிதானமாக, ருசித்துச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு வந்து குனிந்து விருந்தாளியின் டம்ளரில் பாயசம் ஊற்றினாள். "இன்னும் கொஞ்சம் விட்டுக்கச் சொல்லு" என்றாள்.

அவரை ஸ்டேஷனில் விட்டுத் திரும்பிய அத்திம்பேர், "அவன் ரேடியோக்காரன். ப்ளேயர்ஸோட கையெழுத்து அவனுக்கு என்ன தெரியும்?" என்றார். புடவையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண் கூடையோடு மாடியேறி வந்தாள். அக்கா பீரோவைத் திறந்து ஒன்பது சட்டைகளையும் கொண்டுவந்து அவள் முன் போட்டாள். அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஷாயி கா தாக் ஹை, பாயி." மைக்கறை போகாது என்று எடுத்து வைத்திருந்த பெரிய தூக்குப் பாத்திரத்தைத் திரும்பக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா பேரம் பேசவில்லை. ஒரு சின்ன தூக்கும் ஒரு சம்புடமும் கிடைத்தன.

எனக்கு அப்படி ஒரு திருப்தி. "சரியாப் பண்ணினே அக்கா" என்றேன்.

அவள் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். "கர்ட்டன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அந்த மனுஷர் சொன்னப்பவே புரிஞ்சுது. காதுல விழுந்தது தப்பா இருக்கணுமேன்னுதான் உன்னைக் கேட்டேன். நீ என்னை ஒரு அன்னியர் முன்னாடி நிக்க வெச்சு, தமிழ்ல இன்னொருதரம், வார்த்தை வார்த்தையா சொன்னே. உனக்கு இவரை மட்டம் தட்டணும். அதுக்கு என் புடவை கிடைச்சுது."

"நான் என்ன பண்ணினேன்? ஏமாந்தது அவர்தானே?"

"அவருக்குத் தெரியலை, ஏமாந்தார். உனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டே ஒன்பது சீட்டு அடிச்சுக் குடுத்தே." கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

அத்திம்பேர் அன்று சாயங்காலம் பீரோவைத் திறந்தார், மூடினார். என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்த நண்பரிடம், கிளப்பிலிருந்தே கடிதம் போட்டுக் கேட்டார்கள், காட்சிக்கு வைக்க அனுப்பிவிட்டேன் என்றார். அக்கா அந்த நண்பருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகத்தில் ஒன்றுமில்லை.

அந்த மாதக் கடைசியில் நான் மாதுங்காவில் மூன்று பேரோடு ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். அக்கா தடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மாதுங்காவிலேயே கல்யாணம். அக்கா நூல் புடவையில் வந்தாள். என் மாமியார் தனியாகக் கூப்பிட்டு, பட்டு கட்டிக்கொள்ளலாமே, நான் தருகிறேன் என்றார். "நான் பட்டு உடுத்தறதை விட்டுட்டேன் மாமி" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. மேடையில் உட்கார்ந்திருந்த என் காதில் அது விழுந்தது. முன்வரிசையில் அத்திம்பேர் என் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கையால் பந்தைத் தடுப்பதுபோலக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். மாமனார் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் ஏதாவது சொல்லியிருப்பேன், மாலையும் கழுத்துமாக உட்கார வைத்திருந்தார்கள்.