மெதுவாகப் பேசும் வேலை

என் குரல் பெரிய குரல். பிறவியிலேயே அப்படி இல்லை என்று என் அக்கா சொல்வாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்ததில் வந்தது. பழுக்கக் காய்ந்த கம்பி, உருளைகளுக்கு நடுவே ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. தண்ணீர் வேண்டும் என்றாலும் கத்த வேண்டும், தள்ளி நில் என்றாலும் கத்த வேண்டும். ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்த பிறகும் அதே சத்தத்தில்தான் பேசுவோம். எங்களைத் தெரியாதவர்கள் சண்டை என்று நினைத்து டம்ளரைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் வீட்டிலிருந்து பார்க்கிற வேலை தேடினேன். தேட வேண்டி வந்தது மகளுக்காக.

என் மனைவி, காருக்கு வேண்டிய ஒயர்களைக் கட்டித் தருகிற கம்பெனியில் பர்மனென்ட். பிரசவ லீவு முடிந்து, அதற்கு மேல் எடுத்த சம்பளமில்லாத லீவும் முடிந்து, இனியும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. நான் காண்ட்ராக்ட். பதினோரு வருஷமும் காண்ட்ராக்ட்தான். அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் மட்டும். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பாள். எனக்குக் காலை எட்டிலிருந்து இரவு எட்டு. குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. கொஞ்சம் புகை பட்டாலும் மூச்சிரைக்கும். அங்கன்வாடியில் விட்டுப் பார்த்தோம். பத்து மணிக்குள் போன் வந்துவிடும். யாராவது ஒருவர் நின்றாக வேண்டும் என்றானபோது, கணக்குப் போடவே தேவையில்லாமல் நான் நின்றேன்.

தெருவில் கொஞ்சம் கிண்டல் நடந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீரை வாங்கப் போனால், "இன்னாபா, லீவா?" என்று மூன்றாவது மாதமும் கேட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, ஆமாம், லீவு நீண்டுவிட்டது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஒரு சம்பளத்தில் வாடகையும் மருந்தும் தாங்கவில்லை. நானும் மனைவியும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தோம். பொங்கல் வரைக்கும் நான் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை தேடுவது. கிடைக்காவிட்டால் குழந்தையைப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஆரணியில் இருக்கிற மனைவியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நான் மில்லுக்குத் திரும்பிவிடுவது. அந்த அக்கா தங்கமானவர். அங்கே காற்றும் நல்ல காற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகப் போய்ப் பார்க்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிறவனை என் மகள் எத்தனை வாரத்துக்கு நைனா என்று கூப்பிடுவாள்? இதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் அழுததை என்னிடம் காட்டவில்லை.

வேலை தேடுவது கஷ்டம் என்று யார் சொன்னது? செல்போனில் தேடிய முதல் வாரத்திலேயே ஐந்து கம்பெனிகள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டன. பென்சில் பேக்கிங், ஃபாரம் டைப்பிங், வீடியோவுக்கு லைக் போடுகிற வேலை. எல்லாரும் வாழ்த்துகள் சொன்னார்கள். என்ன படித்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் கட்ட வேண்டியிருந்தது. முதல் தடவை கட்டினேன். எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டேன். மனைவியிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன். பென்சில் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. சிப்காட்டில் வளர்ந்தவனுக்குத் தெரிந்த ஒரே வழி. நிஜமான கம்பெனி என்றால் ஒரு கேட் இருக்கும். கேட்டில் ஒரு செக்யூரிட்டி இருப்பார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். பெயர் எழுதாமல் உள்ளே விட மாட்டார். இது இல்லாத கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஆகவே போன் செய்கிற எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்க ஆரம்பித்தேன்: உங்கள் கேட் எங்கே இருக்கிறது?

ஒருவன் எங்கள் கம்பெனி முழுக்க ஆன்லைன் என்றான். "கேட்டே இல்லாமயா கம்பெனி நடத்தினுகிறீங்க?" என்று கேட்டேன். வைத்துவிட்டான். இன்னொரு பெண், எங்கள் மேனேஜர் கேட் பற்றித் தனியாக விளக்குவார் என்றாள். மனைவி ஷிப்ட் முடிந்து வந்ததும் அன்றைக்கு எத்தனை கேட் விழுந்தது என்று கேட்பாள். சிரித்துக்கொள்வோம். நாளும் ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷினுக்கு சர்வீஸ் பார்க்கிற கம்பெனி. மிஷின் ரிப்பேர் என்று கூப்பிடுகிறவர்களிடம் விவரம் கேட்டு, ஆள் வருகிற நேரத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் பேசினால் போதும், வீட்டிலிருந்தே செய்யலாம். கேள்வியைக் கேட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ன தெரு, இந்த பேங்குக்கு எதிரில் என்று எடுத்த எடுப்பில் பதில் வந்தது.

மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். சென்ட்ரலில் வண்டி மாறி அம்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் அவள் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டை என் சட்டையிலேயே தின்று முடித்திருந்தாள். தெருவைக் கண்டுபிடித்தேன். கேட் இருந்தது. நீல பெயின்ட். செக்யூரிட்டி பெரியவர் ஸ்டூலில் இருந்து எழுந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"யாரையும் இல்லண்ணே. இந்த கேட்டத்தான் பாக்க வந்தேன்."

அவர் என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். தன் மருமகளும் இப்படி ஒரு இடத்தில் கட்டி ஏமாந்ததாகச் சொல்லி, நோட்டில் என் பெயரை எழுதச் சொன்னார். வந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் வேலை விசாரிக்க என்று எழுதினேன். அவர் உள்ளே போன் செய்ததும் கழுத்தில் கார்டு மாட்டிய ஒரு பெண் வந்து, வீட்டிலிருந்து பார்க்கிற வேலை இருப்பது உண்மைதான், போனில் ஒரு டெஸ்ட் உண்டு, யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும் ரயிலில் எனக்கு உட்காரவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் டெஸ்ட். அதில் ஃபெயில் ஆனேன்.

கேள்வியெல்லாம் சுலபம்தான். ஆனால் டெஸ்ட் எடுத்த அம்மாள் நடுவிலேயே நிறுத்தி, ஏன் சார் கோபமாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னேன். அதைச் சொன்னது இன்னும் கோபமாகக் கேட்டிருக்கும் போல. குரல் அதிகச் சத்தம், கஸ்டமர் பயந்துவிடுவார், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை மட்டும் முயற்சி செய்யலாம் என்று மெயில் வந்தது.

மனைவி வந்ததும் மெயிலைக் காட்டினேன். எனக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தத்துக்குள்ளேயே ஒரு தைரியமும் இருந்தது. இத்தனை கம்பெனியில் என்னை வேண்டாம் என்று சொன்ன முதல் கம்பெனி இதுதான். அப்படியானால் வேலை நிஜம். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். "ஒரு பைசா டப்பு கேக்காத ஃபெயில் பண்ணிக்கிறாங்க. நல்ல கம்பெனிதான்" என்றாள்.

மூன்று வாரம் குரலைக் குறைக்கப் பாடுபட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பேசினேன். வாயில் கைக்குட்டையை வைத்துப் பேசினேன். மில்லில் கூட வேலை பார்த்தவனுக்குப் போன் செய்து மெதுவாகப் பேசிப் பார்த்தேன். அவன் பதறிவிட்டான். "இன்னா மச்சான், ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆஸ்பத்திரில கீறியா?" என்றான். இல்லை, வேலைக்குப் பழகுகிறேன் என்று சொல்லும்போதே குரல் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. முதல் வாக்கியம் மெதுவாக வரும். இரண்டாவது வாக்கியத்தில் மில் ஓட ஆரம்பித்துவிடும். மூன்றாவது வாரம் எனக்கு என் தொண்டை மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

மார்கழியும் பாதிக்கு மேல் போய்விட்டது. மனைவி ஒருநாள் பேசாமல் பரண் மேலிருந்த பையை இறக்கி, குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்து அதில் வைத்தாள். மூச்சு மருந்துக்கான சீட்டையும் பையின் மேல் ஜிப்பில் செருகினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. பை பீரோ பக்கத்திலேயே இருந்தது. மகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டினாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

இரண்டாவது டெஸ்ட் வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு. மனைவி வந்துவிடுவாள், குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம் என்பது திட்டம். அன்று காலையிலிருந்தே மகளுக்கு இழுப்பு. நெபுலைசரில் மருந்து ஆவி இரண்டு முறை வைத்தேன். மதியம் கொஞ்சம் அடங்கியது. படுக்க வைத்தால் இருமல் வந்து எழுந்துவிடுகிறாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் தூங்குகிறாள். நடந்துகொண்டிருந்தேன். இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அதே அம்மாள். ஒருவர் வரவில்லை, உங்களை முன்னாலேயே முடித்துவிடலாமா என்று கேட்டார்.

முடியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். இருந்ததே ஒரு முயற்சி. சொன்னால் வேறு தேதி கொடுப்பார்களோ என்னவோ. இடது தோளில் மகள், அவள் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. சரி மேடம் என்றேன். அவள் எழுந்துவிடக் கூடாது என்று அதையும் மெதுவாகத்தான் சொன்னேன்.

அந்த அம்மாள் கஸ்டமராக மாறினார். மூன்று நாளாக மிஷின் ஓடவில்லை, ஆள் வருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறீர்கள், நீங்களெல்லாம் மனுஷர்களா என்று ஏறினார். போன மாதம் என்றால் நானும் ஏறியிருப்பேன். இப்போது தோளில் ஆள் இருக்கிறாள். நின்றால் முழித்துக்கொள்வாள் என்று நடந்துகொண்டே பேசினேன். "மூணு நாளு தண்ணி இல்லாத, ஊட்ல பசங்கள வெச்சிக்கினு கஷ்டமாதான் இருக்கும்மா. நான் இன்னிக்கே ஆள் அனுப்பறேன்" என்றேன். அவர் இன்னும் கத்தினார். நான் இன்னும் குறைத்தேன். எனக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குரலும் இறங்கி வந்துவிட்டது. கோபக்காரியாக நடித்தவருக்கே கோபம் வரவில்லை போலிருக்கிறது.

அப்போது மகள் இருமினாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

குழந்தையா என்று கேட்டார். டிவி என்று சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் ஆறு மாதமாகப் பொய் சொல்கிற கம்பெனிகளைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். உண்மையைச் சொன்னேன். மகளுக்கு உடம்பு சரியில்லை, தோளில் தூங்குகிறாள், மனைவி மூன்று மணிக்கு வேலையிலிருந்து வருவாள் என்று. டியூட்டி நேரத்தில் இப்படி இருக்கக் கூடாது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு நாலு மணியிலிருந்து ஒன்பது வரை ஒரு ஷிப்ட் இருக்கிறது, அது ஒத்துவருமா என்று கேட்டார். ஒத்துவரும் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து போனிலேயே பயிற்சி, கடிதம் மெயிலில் வரும், கம்ப்யூட்டர் கம்பெனியே அனுப்பும் என்றார். வாழ்த்துகள் என்றுகூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கஸ்டமர்கள் நான் பேசுவதைக் கேட்டு, நீ எந்த ஊருப்பா என்று விசாரிக்கிறார்கள். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது போனை வைத்த பிறகு நடந்தது.

திரும்பினேன். மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யூனிபார்ம் கூட மாற்றவில்லை, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நான் கிடைத்துவிட்டது என்று தலையை ஆட்டினேன். அவள் சத்தம் வராமல் உள்ளே வந்து, பீரோ பக்கத்தில் உட்கார்ந்து, பையைத் திறந்தாள். குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"இவ்ளோ மெதுவா பேசத் தெரியுமா உனக்கு?" என்றாள் திரும்பாமலே. "ஆறு வருஷமா என்னாண்ட ஒரு வாட்டி இப்டி பேசிக்கிறியா?"

விடியுமுன் எழுந்து போய் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவள். இந்த ஆறு வருஷமும் அவளிடம் நான் மில்லில் பேசுகிற மாதிரிதான் பேசியிருக்கிறேன். சோறு கேட்டாலும் அப்படி, கொஞ்சினாலும் அப்படி. வெட்கமாக இருந்தது. மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டீ போடட்டா?" என்றேன், போனில் பேசிய அதே குரலில்.

அவள் ஒரு சின்ன கவுனை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் இரண்டடி தூரம்கூட இல்லை.

"இன்னா சொன்ன? கேக்கல" என்றாள்.

இன்னொரு தடவை சொன்னேன்.