நாலு மணிக்காரியின் சனிக்கிழமை

துப்புரவு வேலைக்கு வரும் பெரியக்காவுக்கு என் கம்பெனி நாலு நாள் கூலி கடன்பட்டிருந்தது. அது கடன் என்றே எனக்கு அப்போது தெரியாது. சனிக்கிழமைதோறும் அவள் மட்டம் போடுகிறாள் என்று கணினி சொன்னது; நானும் நம்பிவிட்டேன்.

ஒற்றைத் துடைப்பத்தோடு தொழில் தொடங்கி, இன்று நாற்பது கட்டடங்களைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. முகத்தைப் பார்த்தே ஆளை எடை போடுவேன். பெரியக்கா விஷயத்தில் மட்டும்தான் தவறினேன்.

பதினாறு வருஷமாக விடிகாலை நாலு மணிக்கு வருகிறவள். அந்த வேளைக்கு அவள் ஒருத்திதான். புருஷன் படுத்த படுக்கை. இந்தக் கூலியில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது. கைரேகை மெஷின் வந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அவளை வேலைக்கள்ளி என்று திட்டிவிட்டு, வேலைநீக்கக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டார். மாலை ஐந்து மணிக்குச் சம்பளப் பட்டியலை மூட வேண்டும். அதற்குள் நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"போடுங்க முதலாளி. ஆனா வேலைக்கள்ளின்னு பேர் வாங்கிட்டு நான் போக மாட்டேன்." பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மெஷினின் வருகைக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளை எழுதியவள் என் தங்கை மகள். கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அனுப்பி வரவழைத்தேன்.

"நூறு தடவை சோதிச்சாச்சு மாமா. தப்பே இல்ல."

"எத்தனை மணிக்குச் சோதிச்சே?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் வந்ததும். பத்து மணிக்கு."

"நீ எந்திரிக்கிறதே எட்டு மணிக்கு! நாலு மணின்னு போட்டுப் பாரு, தாயே."

முறைத்துக்கொண்டே தட்டினாள். மணி நாலே முக்கால். மேற்பார்வையாளர் பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். கண்ணாடியின் விரல் சட்டென்று நின்றது.

"மாமா... திங்கட்கிழமை காலை நாலுன்னு போட்டா, ஞாயிறு ராத்திரி பத்தரைன்னு விழுது."

பதிவுகள் போய்ச் சேரும் கணினி கடல் தாண்டி எங்கோ இருக்கிறதாம். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் நேரத்துக்கு மாற்றாமல் இவள் அந்த ஊர்த் தேதியையே எடுத்திருக்கிறாள். பெரியக்காவின் ஒவ்வொரு நாளும் முந்தின நாளாகிப்போனது. திங்கட்கிழமை உழைப்பு ஞாயிறு விடுமுறைக்குள் விழுந்து தொலைந்தது. சனிக்கிழமை காலியாக நின்றது. விடிந்தபின் வருகிறவர்களுக்கு அங்கேயும் அதே தேதி, அதனால் வேறு யாருக்கும் குறையவில்லை.

"அப்போ நான் மட்டம் போடலையா?"

"நீங்க போடலக்கா. நான் எழுதினதுதான் போட்டுது." கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

கடிதத்தைக் கிழித்தேன்.

"இனி பட்டியலைத் திருத்த நேரமில்ல. கூலி அடுத்த மாசச் சம்பளத்துல சேர்ந்துடும்," என்றார் மேற்பார்வையாளர்.

"எல்லார் முன்னாலதானே கள்ளின்னீங்க? எல்லார் முன்னாலயும் எண்ணி வைங்க," என்றாள் பெரியக்கா.

கூடத்துக்கு அத்தனை பேரையும் கூப்பிட்டேன். மேற்பார்வையாளரே சத்தமாக எண்ணி, நோட்டு நோட்டாக வைத்தார். கடைசி நோட்டு விழும்வரை பெரியக்கா விரித்த கையை மடக்கவில்லை.