கிழக்குச் சுவரின் விரிசல்

ஜெபராஜ் வீட்டுச் சுவரைப் பிளந்தவன் நான்தான். கரிசல் மண் அல்ல, கொத்தனார் அல்ல. நான்!

ஊரில் எவரிடமும் இதைச் சொன்னதில்லை, பெற்ற மகனிடம்கூட. உங்களிடம் சொல்லத் துணிந்தது, தெருவில் பார்த்தால் உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில்தான்.

ஜெபராஜும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் மெல்போர்ன் போய் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டான். நான் கோவில்பட்டியில் உரக்கடை வைத்தேன். ஊருக்கு வெளியே பருத்திக்காட்டை மனை போட்டு விற்றபோது அவன் ஒன்றை வாங்கி வீடு கட்டினான், கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கிவிட்டுப் போவதற்காக. உள்ளபடி பார்த்தால் அவனுக்குக் கோவில்பட்டிதான் வெளிநாடு. வெளிநாட்டில் விடுமுறை வீடு வைத்திருக்கும் பெரிய மனுசன் என்று அவனைக் கேலி செய்வேன்.

"ரிட்டயர் ஆகி இங்கனதாம்லே வருவேன். சாயங்காலம் ரெண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடப்போம்" என்பான்.

சாவி என்னிடம் இருந்தது. சம்பளம் என்ற பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை. பூட்டிய வீட்டைப் பராமரிப்பது பச்சைப்பிள்ளையைப் பார்ப்பது போலத்தான். ஆளில்லை என்று தெரிந்தால் கரையான் குடியேறிவிடும். ஓட்டாமல் விட்டால் மோட்டார் இறுகிப்போகும். அத்தனையையும் பார்த்துக்கொண்டேன். அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இன்டர்நெட் டப்பாவை மட்டும் அணைச்சிராதலே. நாங்க வந்தா பிள்ளைகளுக்கு வேணும்."

அந்த டப்பாவைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

ஓர் ஆவணியில் என் மனைவி செல்லத்தாய் இறந்துபோனாள்.

வீட்டில் நான் அழவில்லை. மகன் ஒடிந்து கிடந்தான். நானும் விழுந்தால் அவனை யார் தூக்குவது? அதனால் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஜெபராஜ் வீட்டுக்குப் போவேன். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கூடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுவேன். அவளைத் திட்டிக்கூட அழுதிருக்கிறேன். ஒருநாள் அவள் சேலையைப் பையில் வைத்து எடுத்துப்போய் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன்... பூட்டிய வீடு. யார் பார்க்கப் போகிறார்கள்?

புரட்டாசியில் ஒருநாள் நான் கடையில் இருந்தபோது ஜெபராஜ் போனில் வந்தான். பேசி முடிக்கும்போது சொன்னான்.

"மாரி... வெறுந்தரையில உக்காந்து இப்படி அழாதலே. உடம்பு கெட்டுரும்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. வெறுந்தரையில்! அது அவனுக்கு எப்படித் தெரியும்?

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கூடத்துப் பரண் விளிம்பில், பிளாஸ்டிக் பூக்களுக்கு நடுவே, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கேமரா இருந்தது. கீழே நான் துடைத்து வைத்த டப்பாவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதானா? திருடனைப் பிடிக்க வைத்தான் என்றே இருக்கட்டும். சாவி என்னிடம் அல்லவா இருந்தது! அப்படியென்றால் அவன் கணக்கில் திருடன் யார்? என் மகன் பார்க்காத கண்ணீரை, செல்லத்தாயே பார்த்திராத கண்ணீரை, எங்கோ உட்கார்ந்து ஒருவன் பார்த்திருக்கிறான்... என்னைக் கேட்காமல்!

போன் செய்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கேமராவுக்கு முன்னால் முன்னைவிட நன்றாகக் கூட்டினேன். அழுவதை நிறுத்திக்கொண்டேன். அழுவதற்கென்று எனக்கிருந்த ஒரே இடமும் போயிற்று.

கரிசலில் வீடு கட்டுகிறவனுக்குத் தண்ணீர்தான் பயம். நனைந்தால் இந்த மண் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதனால்தான் அஸ்திவாரத்தைச் சுற்றிச் சரள் மண்ணைக் கொட்டி இறுக்குவார்கள், மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருச் சாக்கடை வாறுகாலில் கொண்டுபோய் விடுவார்கள். கிழக்குப் பக்கம் சரள் பேருக்குத்தான் கிடந்தது. எனக்குத் தெரியாதா? கட்டும்போது நின்று பார்த்தவனே நான்தானே.

ஐப்பசி மழைக்குச் சற்று முன்பு, அந்தக் குழாயின் அடியில் வளைவாக இருந்த எல்போத் துண்டைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கையால் ஒரு திருகு. அவ்வளவுதான்!

மழை அந்த வருடம் கார்த்திகை முழுவதும் கொட்டியது. மாடித் தண்ணீர் அத்தனையும் அஸ்திவாரத்தில் இறங்கியது. ஒருநாள் மனது கேட்காமல் குடை பிடித்துப் போனேன், குழாயில் கையையும் வைத்தேன்... வெறுந்தரை என்று அவன் சொன்னது காதில் கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜெபராஜ் வரவில்லை. லீவு இல்லை என்றான். பங்குனி வெயிலில் சுவர் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை கோணலாகப் பிளந்தது. ஒன்றும் அறியாதவன் போல நானே அவனுக்குச் சொன்னேன்.

சித்திரையில் தனியாக வந்தான். அஸ்திவாரம் ஒரு பக்கம் தூக்கி இறங்கிவிட்டது, இனி உத்தரவாதம் இல்லை என்றார் எஞ்சினியர். விற்றுத் தொலையுங்கள் என்றாள் அவன் மனைவி போனில். விலை பேசி முடித்த அன்று, ஸ்டூல் போட்டு ஏறி என் கண்ணெதிரே அந்தக் கேமராவைக் கழற்றினான்.

"திருடனுக்குன்னுதாம்லே வச்சேன். அப்புறம் உன்னைப் பாக்கதுக்குன்னு ஆயிட்டு. அங்கன எங்க வீட்டுல ஆளுக்கொரு ரூம்ல இருப்பாவ. நீ இங்கன கூட்டுததைப் பாத்துக்கிட்டே ராச்சோறு திம்பேன்."

"சொல்லியிருக்கலாம்லாடே!" என்று கத்தினேன்.

அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீட்டின் கிழக்குப் பக்கம் போனான். சன்ஷேடின் அடியிலிருந்து இன்னொரு கேமராவைக் கழற்றினான். அது அந்தக் குழாயைப் பார்த்தபடி இருந்தது.

"ஒவ்வொரு மழைக்கும் பாத்தேன் மாரி. இன்னைக்குத் திருப்பி வச்சிருவான், இன்னைக்குத் திருப்பி வச்சிருவான்னு... குடை பிடிச்சுக்கிட்டு வந்து குழாயில கையை வச்சியே, அன்னைக்கு 'திருப்புலே, திருப்புலே'ன்னு அங்கன இருந்து கத்துனேன். எம் பொண்டாட்டி பயந்துபோய் ஓடியாந்துட்டா."

இரண்டு கேமராக்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பார்த்துக்கொண்டே இருந்தானே... ஒரு போன் செய்து "குழாயைத் திருப்புலே" என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய்த் திருப்பியிருப்பேனே! இப்படி அவன்மேல் குற்றம் சொல்ல வாயெடுக்கும்போதே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நானும்தான் ஒரு போன் செய்யவில்லை.

என் துக்கத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அவன் என்னை மன்னித்தானா? எப்படித் தெரியும்? இப்போது அவனிடமிருந்து போன் வருவதில்லை.

வீட்டை வாங்கியவர் விரிசலில் சிமெண்ட் பூசிப் பார்க்கிறார். வெயில் ஏறினால் அது மறுபடியும் திறந்துகொள்கிறது. சாயங்காலம் அதைத் தாண்டித்தான் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறேன்... தனியாக.