நண்டு பேசிய தமிழ்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் மாற்றிச் சேர்த்த புதிதில் "இன்னா மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பள்ளியில் வாயே திறப்பதில்லை. மறைமலைநகர் கம்பெனிக்கு ஷிப்ட் போய்வந்துகொண்டிருந்த எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவளைப் பேச வைத்தது ஒரு நண்டு. மாமல்லபுரம் கடலோரத்தில் நடப்பதாக எடுத்த கார்ட்டூன் படம் அது. கதாநாயகனான நண்டு அச்சு அசலாக எங்களைப் போலவே பேசும். சுறாவைப் பார்த்து, "இன்னா நைனா, மொறைக்கிற?" என்று கேட்டதும் தியேட்டரே கைதட்டியது. மறுநாள் அந்த வசனத்தைப் பேசிக் காட்டச் சொல்லி வகுப்பில் இவளைத்தான் சூழ்ந்துகொண்டார்களாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு முதல் நாளே அழைத்துப் போனேன். நண்டு ராஜாவாகியிருந்தது. "என்ன நண்பா, நலமா?" என்று பாடப்புத்தகம் போலப் பேசியது. எங்கள் பேச்சைத் தூக்கி, கடல் முத்துகளைத் திருட வந்த புதுத் திருடனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் "இன்னா" என்னும்போதெல்லாம் ஒரே சிரிப்பு. படம் முடிந்து வெளியே வருகையில் ஒருவர் தன் மனைவியிடம், "நண்டு இப்பதான் டீசன்டா பேசுது, இன்னா சொல்ற?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழியில் மகள் கேட்டாள்: "நம்ம பேசறது திருடன் பேச்சா நைனா?"

மறுநாள் முதல் பள்ளியில் மறுபடியும் மௌனம். இதை விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

சிடி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்தினேன். ராஜா நண்டுக்கு நானே குரல் கொடுத்தேன்: "இன்னா மச்சான், நாஸ்தா துன்னியா?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்து திருடன் வந்தான்.

"நீ பேசு" என்று மகளிடம் சொன்னேன். அவனுக்குப் பாடப்புத்தகத் தமிழைக் கொடுத்துப் பழிவாங்குவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னா ராஜா, காவல் காத்துகினு கீறியா?" என்றாள்.

"ஏம்மா, திருடன் இன்னாத்துக்கு நம்மள மாதிரியே பேசறான்?" என்று கேட்டேன்.

"அவனும் இந்த ஊருதான நைனா. அல்லாரும் இப்டிதான் பேசுவாங்க. நீ குறுக்க பேசாத" என்று என்னை அடக்கிவிட்டு, படம் முடியும்வரை எல்லோருக்கும் அவளே பேசினாள்.